அனுப்பி வைக்கும் பாட்டு

மியூனிக்
20.08.2025

அன்புள்ள அக்கா,

போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கப் பாதியில் போனை வைத்தது நான்தான். லைன் அறுந்தது என்று பிறகு சொன்னது பொய். நீங்கள் கதைக்கக் கதைக்க உங்களுக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். "ஆரக்கா அங்கை?" என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லையேடி" என்றீர்கள். நீங்கள் அதைச் சொல்லும்போதும் அந்தப் பாட்டு நிற்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுத்திலேயே கதைப்போம்.

அத்தான் தவறிப்போய் ஒரு வருடமாகிவிட்டது. டுசல்டோர்ஃபில் அந்த மூன்றாம் மாடியில் தனியே இருந்து என்ன செய்யப் போகிறீர்கள்? என்னிடம் வாருங்கள். வீடு சின்னதுதான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கப் போதும். என்ர மனுசன் வந்து சேர்ந்தால்தான் இடம் நெருக்கடி, அதை அப்போது பார்ப்போம். ஓம், இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். போர் முடிந்த அந்த மே மாதம் பாலத்தடியில் ஆமிக்காரர் இவரைப் பேருந்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் உண்டு, செத்ததைக் கண்டவர்கள் இல்லை. என் நெற்றியில் பொட்டு இருக்கிறது. அது இருக்கும்.

உங்கள் தங்கை
வனஜா

டுசல்டோர்ஃப்
27.08.2025

என் செல்லத் தங்கைக்கு,

உன் எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரித்தான் இருக்கிறது. வாசித்து முடிக்க ஒரு காலை போய்விட்டது.

கீழ்வீட்டு ஹருயோவைத் தெரியும்தானே, இவருடைய செத்தவீட்டுக்கு வெள்ளைப் பூவோடு வந்த ஜப்பான்காரி. எங்கள் இருவருடைய ஜெர்மனும் நொண்டி, அதனால் ஒருவர் கதை மற்றவருக்கு நன்றாக விளங்கும். ஆகஸ்ட் நடுவில் செத்தவர்களை வீட்டுக்கு அழைத்து, இருத்தி, பிறகு வழியனுப்புவது அவர்களுடைய வழக்கமாம். அவளுடைய ஊரில் அதற்கு இரண்டு பாட்டு. ஒன்று கூப்பிட, மற்றது அனுப்பி வைக்க. கூப்பிடும் நாளில் அவள் வீட்டில் நாலைந்து பெண்கள் நிலத்தில் இருந்து, கையில் சின்ன மணியோடு, இழுத்து இழுத்துப் பாடினார்கள். நடுவில் ஓரிடத்தில் மணி நிற்கும். அங்கே அவரவர் தங்கள் ஆளைக் கூப்பிட வேண்டும். என்னையும் பாடச் சொன்னாள், பாடினேன். அனுப்பி வைக்கும் நாள் வந்தபோது தலையிடி என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன்.

ஏனென்றால், வனஜா, இவர் வந்திருக்கிறார்.

பயப்படாதே. பட்டப்பகலில்தான். குசினிக் கதிரை தானாக நகர்ந்து, முதுகு சுவரிலும் முகம் வாசலிலுமாக நிற்கிறது. நான் திருப்பி வைத்தாலும் மறுபடி அப்படியே. தேத்தண்ணி வைத்தால் ஆறிப்போகிறது, ஆனால் சீனிப்போத்தல் திறந்து கிடக்கிறது, கரண்டி ஈரமாக இருக்கிறது. நடக்கிற சத்தமும் கேட்கிறது. ஒரு அடி, பிறகு ஒரு இழுவை. வயது போனதில்லையா, பாவம்.

வீடு நிறைந்திருக்கிறது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

அன்புடன்
பவளக்கா

மியூனிக்
03.09.2025

அன்புள்ள அக்கா,

ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் செய்த கையோடு ஜப்பான் மணியும் ஆட்டியிருக்கிறீர்கள். இரண்டு கடவுளும் சேர்ந்து உங்களை ஒருநாள் விசாரிக்கப் போகிறார்கள்.

பகிடியை விடுவோம். அத்தானுக்கு நீரிழிவு. சீனி என்ற சொல்லைக் கேட்டாலே நீங்கள் முறைப்பீர்கள், அவர் பயந்து வெறும் தேத்தண்ணி குடிப்பார். அவர் எப்போதும் யன்னலைப் பார்த்துத்தான் இருப்பார், கீழே போகிற கார்களுக்கு நம்பர் வாசிக்க. கடைசி நாள்வரை கால் இரண்டும் நேராக நடந்தவர். பாட்டு என்றால் காததூரம் ஓடுவார்.

அக்கா, அது அத்தான் இல்லை. மணி நின்ற இடத்தில் நீங்கள் என்ன பெயர் சொன்னீர்கள்?

வனஜா

டுசல்டோர்ஃப்
12.09.2025

அன்புள்ள வனஜா,

கட்டின நாளிலிருந்து இவருடைய பெயர் என் வாயில் வந்ததில்லை. பெயர் சொன்னால் ஆயுள் குறையும் என்று அம்மா எங்கள் இரண்டு பேருக்கும்தானே சொல்லித்தந்தா. செத்தவருக்கு இனி எந்த ஆயுள் குறையப்போகிறது என்று அந்த நேரம் தோன்றவில்லை. பழகின வாய். மணி நின்றது, நான் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு இதை ஹருயோவிடம் சொன்னேன். அதுதான் பெயரா என்று கேட்டாள். இல்லை, எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் புருசனை இப்படித்தான் கூப்பிடுவது என்றேன். கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள். "அப்படியென்றால் யாருடைய புருசன் வந்தார்?" என்று கேட்டாள்.

படியேறி வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. உன் குரலும் என் குரலும் ஒன்று. அத்தானே எத்தனை தரம் போனில் ஏமாந்து உன்னைத் திட்டியிருக்கிறார். நாலு கரண்டி சீனி போடுகிறவர் யார்? ஷெல் துண்டு பட்ட இடது காலை இழுத்து நடக்கிறவர் யார்? பதுங்குகுழிக் காலத்திலிருந்து வாசலைப் பார்த்தே இருந்து சாப்பிட்டவர் யார்? இத்தனையும் தெரிந்தும் என் ஆள்தான் என்று என்னை நானே பேய்க்காட்டியிருக்கிறேன்.

அழைத்தவரைக் கட்டாயம் அனுப்ப வேண்டுமாம். அனுப்பாவிட்டால் உண்ணவும் ஏலாது, போகவும் ஏலாது, வாசலில் நின்றபடி தேய்ந்து போவார்களாம். நடக்கிற சத்தம் முன்னைப்போல் இல்லை, மெலிந்துவிட்டது. அனுப்புகிற பாட்டுக்கு உண்மையான பெயர் வேண்டும். எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் அதைச் செத்தவர் பெயராகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வனஜா. உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

பவளக்கா

மியூனிக்
15.09.2025

அக்கா,

என்ர மனுசன் உயிரோடு இருக்கிறார். உங்கள் வீட்டில் இருப்பது வேறு ஆரோ. தும்புத்தடியால் அடித்துத் துரத்துங்கள்.

இதைப்பற்றி இனி எழுதாதீர்கள்.

வனஜா

டுசல்டோர்ஃப்
22.09.2025

அன்புள்ள வனஜா,

நீ சொன்னபடி இனிக் கேட்கமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தபால்காரன் மணியடிக்கும்போதெல்லாம் அந்தக் கால் வாசலுக்குப் போகும். உன் கடிதம் வந்த அன்றும் போனது. எனக்கு எதையும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம். "வேறு ஆரோ" என்ற இடத்துக்கு வந்தேன். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

அதன் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சீனிப்போத்தல் மூடியபடி இருக்கிறது. கதிரை மட்டும் இப்போது வாசலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. நான் அதைத் தொடவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பவளக்கா

மியூனிக்
27.09.2025

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று வேலைக்குப் போகவில்லை. நிறைய அழுதேன்.

போனில் கேட்ட முதல் நாளே எனக்குத் தெரியும், அக்கா. அடுப்பு மூட்டும்போது இவர் முணுமுணுக்கிற ராகம் அது. எந்தப் பாட்டிலும் சேராது, எந்த இடத்திலும் முடியாது. அதைத் திரும்பக் கேட்கத்தானே இவ்வளவு வருடமும் இருந்தேன். கேட்டதும் போனை வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தால் இவர் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பயந்துதான் எழுதச் சொன்னேன். அந்த மனிதன் இவ்வளவு தூரம் தேடி வந்து நிற்க, நான் வேறு ஆரோ என்று எழுதினேன்.

வருகிற சனிக்கிழமை வந்து நானே அந்தப் பாட்டைப் பாடுவதென்று முடிவெடுத்து ரயிலுக்குப் பதிந்தேன். காணாமல் போனவர்களுக்கான படிவங்களில் இவருடைய பெயரை எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதே இல்லை. பாடுகிற நேரம் வாய் தடுமாறும் என்று இன்று காலை குசினியில் நின்று சொல்லிப் பார்த்தேன். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு வந்தது. குணசேகரம். குணசேகரம். என்னை மன்னியுங்கோ, குணசேகரம்.

முகம் கழுவினேன். பொட்டைத் திரும்ப வைக்கவில்லை.

அக்கா, உங்கள் வீட்டுக் கதிரையை இனி நீங்கள் திருப்பி வைக்கலாம், அதில் ஒருத்தரும் இல்லை. மெய்யாக உங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் கூச்சத்தை விட்டு அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர் யன்னலடியில் வந்து இருப்பார். இந்தக் கடிதத்தை நான் மேசையில் வைத்து எழுதுகிறேன். எனக்குப் பின்னால் ஒரு அடி, ஒரு இழுவை. சீனிப்போத்தலின் மூடி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலுக்குப் பதிந்ததை நிறுத்திவிட்டேன். ஹருயோவிடம் கேட்டு இரண்டாவது பாட்டை எழுதி அனுப்புங்கோ. கட்டாயம் பாடுவேன், இவரைத் தேய விடமாட்டேன்.

ஆனால் ஆறுதலாக அனுப்புங்கோ, அக்கா. அவசரமில்லை.

உங்கள்
வனஜா குணசேகரம்