நாலு தண்ணீர் கழுவிய அரிசி

நேற்று எதிர்வீட்டு மல்லிகா அரிசி கழுவிய தண்ணீர் கால்வாயில் வெள்ளையாக ஓடியது. அந்த வாடை பட்டதும் நின்றுவிட்டேன். இது நாலாவது தண்ணீர் அக்கா என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாதம். வாந்தி நிற்கவில்லை, இன்னும் வெறும் கஞ்சிதான்.

என்னங்க, உங்களுக்கு நான் வைத்த பத்தியமும் இதுதானே. வயிற்றுக் கட்டி ஆபரேஷன் முடிந்து பாலிங் ஊரில் நம் வீட்டுக்கு வந்ததும் முட்டை சூடு, பயறு வாய்வு, மீன் புண்ணைக் கிளறும் என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். நீங்கள் வாந்தி எடுத்தால் கஞ்சியை இன்னும் நீர்க்கக் காய்ச்சினேன். பாதம் எரிகிறது என்றீர்கள், எண்ணெய் தடவினேன். கால் வீங்கி நடக்க முடியாமல் போனபிறகுதான் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் நர்ஸ் மிஸ்ஸியிடம், பெரிபெரி என்றார். மலாயில் பெரி என்றால் கொடு. படுத்தபடியே நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"கேட்டியா, கொடு கொடுங்கிறாரு லா. நீ கஞ்சியத் தவிர எதக் கொடுத்த?"

மிஸ்ஸி சிரித்துவிட்டார். அது நோயின் பெயர், வைட்டமின் பி1 குறைந்தால் வரும், அரிசியில் இருக்கிற கொஞ்சத்தையும் நான் கழுவி ஊற்றியிருக்கிறேன் என்று விளக்கினார். ஊசி போட்டார்கள். சில நாளில் வீக்கம் வடிந்தது, சுவரைப் பிடித்து நடந்தீர்கள். நான் அழுதபோது, "கஞ்சி ஊத்துனதும் நீ, நடக்க வெச்சதும் நீ" என்றீர்கள்.

போன வருடம் உங்கள் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக் கட்டி, கால் வீக்கம் அல்ல. இதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றுகிறேன். முழுதாகத் தேறவில்லை.

நேற்று மல்லிகாவிடம் கேட்டேன், பாதம் எரிகிறது என்கிறாரா? என்கிறார், புண் ஆறட்டும் அக்கா என்றாள்.

"கால் வீங்கட்டும்னு காத்திருக்காத. நான் காத்திருந்தேன். காலையில கிளம்பு."

பத்தியம் வைத்த அவள் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாசலைவிட்டு நகரவில்லை.

இன்று காலை மல்லிகாவும் அவள் வீட்டுக்காரரும் நானும் கிளினிக்குக்குப் போனோம். எல்லாவற்றையும் டாக்டரிடம் நானே சொன்னேன். ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தார்கள். திரும்பும்போது மல்லிகா, இனி என்ன செய்யணும் அக்கா என்றாள்.

"பெரி, பெரி" என்றேன்.

"எதக் கொடுக்க?"

முட்டை, மீன், பயறு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கள் கேலியை முதல்முறையாக என் வாயால் சொன்னேன். குரல் உடையவில்லை.