மீன் ஐஸுக்குக் கிடைத்த விருது

திருகோணமலை
12.06.1974

அன்புள்ள மகள் றீற்றாவுக்கு,

தேவகிருபையால் நானும் அம்மாவும் சுகம்; மூக்கு மட்டும் களைத்திருக்கிறது. இலண்டனில் நீயும் உன் மூக்கும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். படத்தில் மெலிந்து தெரிகிறாய், ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுப்பதில் நீயும் கொஞ்சம் சாப்பிடு.

எனக்கு அரசாங்க விருது கிடைத்திருக்கிறது, பயப்படாதே. சித்திரை வெயிலில் எங்கள் தியேட்டரின் தகரக்கூரை கொதித்து, சனம் இடைவேளையோடு வீட்டுக்குப் போகத் தொடங்கியது. ஸைனுலாப்தீன் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அடுத்த கிழமையும் சனம் எழும்பிப் போனா, நீங்களும் கூடவே எழும்பிப் போங்க மனேஜர்” என்றார். இருபத்தாறு வருட வேலை, பிள்ளை. மீன் வியாபாரி ஆதம்பாவாவிடம் மீன் விற்று முடிந்த பெட்டிகளின் ஐஸை வாங்கிப் பெரிய காற்றாடிக்கு முன்னால் வைத்தேன். மண்டபம் குளிர்ந்தது, கூடவே பாரை மீனும் சூரை மீனும் மணத்தன. நல்லகாலம், அன்றைக்கு ஓடியது மீனவர் படம். பல்கனியில் இருந்த கொழும்பு உத்தியோகத்தர் ஒருவர், காட்சிக்கேற்ற மணம் தரும் அரிய கண்டுபிடிப்பு என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். சினிமாத்துறையில் புதுமைக்கான விருதுக்கு என் பெயர் போய், மூன்று பேர் பரிசோதிக்க வருவதாகக் கடிதம் வந்தது. விருது வராவிட்டால் என் மனேஜர் கதிரை போய்விடுமென்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர்கள் வந்த அன்று ஓடியது அரண்மனைக் காதல் படம், முதல் காட்சியே ரோஜாத் தோட்டம். கழுவிய ஐஸ் கேட்டேன். ஆதம்பாவா, “ஐஸக் கழுவ ஏலாது அல்பிரட் அண்ணன், கழுவினா தண்ணியாப் போயிரும்” என்றான். கடைசியில் அம்மா, உன் கலியாணத்துக்கென்று வைத்திருந்த பன்னீர் இரண்டு போத்தலையும் ஐஸில் ஊற்றினா. இளவரசி பூப்பறித்தாள், மண்டபத்தில் ரோஜாவும் சூரையும் ஒன்றாக வீசின. குழுத்தலைவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். நான் மனதுக்குள் கதிரைக்கு விடைகொடுத்தேன். படம் முடிய அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்தார். மன்னராட்சியின் வெளிப்பூச்சையும் உள்ளழுகலையும் ஒரே காற்றில் உணர்த்தியமைக்காக என்று விருதுப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. முதலாளி என்னைத் தக்கவைத்துக்கொண்டார், ஐஸையும்தான். இனி எந்தப் படத்துக்கும் அந்த மணம், என் உடுப்போடு வீட்டுக்கும் வருகிறது.

பத்திரத்தை ஹோலில் மாட்டியிருக்கிறோம், பூனை அதன் கீழேயே படுத்திருக்கிறது.

குளிருக்குக் காலுறை போடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்றை மறக்காதே: வீட்டில் இனிப் பன்னீர் இல்லை. அங்கே யாரையாவது பார்த்து வைத்திருந்தால், மூக்கடைப்பு உள்ளவராகப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அப்பா,
அல்பிரட்
(அரச விருது பெற்றவர்)