கிளட்ச் பைப்பும் குளியலறைச் சுவரும்

பிப்ரவரி 18, செவ்வாய். கிளாவரை.

காலையில் உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவியது போல. கேரட் இலை கருகாமல் தப்பியது.

லாரிக்கு அடியில் ஈரம், உள்ளங்கை அகலத்துக்கு. முதலில் நாயின் வேலை என்று நினைத்தேன். தொட்டால் வழவழப்பு. முகர்ந்தால் கிளட்ச் ஆயில்.

மிதித்துப் பார்த்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, பாதிதான் திரும்பி வருகிறது. கியர் போட்டால் கரகர. அடியில் படுத்துப் பார்த்ததும் தெரிந்தது. பெடலில் இருந்து கியர் பாக்ஸுக்கு ஆயில் கொண்டு போகும் இரும்புப் பைப், கிளிப்பில் உரசி உரசி ஊசித் துளை. இருபத்திரண்டு வயது வண்டி, என்ன சொல்ல. பிரேக்குக்குத் தனிப் பைப், அதில் கோளாறு இல்லை. நல்லவேளை.

வீட்டுக்காரர் செய்த வைத்தியம்:
1. சோப்பு அப்பியது.
2. சைக்கிள் ட்யூப் சுற்றியது.
3. அதன்மேல் கறுப்பு டேப்.
4. அதன்மேல் திருநீறு.
நான்காவதற்குப் பிறகு இன்னும் வேகமாக ஒழுகியது.

ஞாயிற்றுக்கிழமை வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. பதினோரு வீட்டுப் பூண்டு என் லாரியை நம்பி மூட்டை கட்டிக் கிடக்கிறது. வைக்கக் குடோன் இல்லை. மேற்கே மேகம் வேறு. ஈரம் பட்டால் கறுத்துவிடும்.

பி.கு.: கோழி ஒன்று அடை உட்கார்ந்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்.

வெயில். குளிரும்.

பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல். ஏறினேன். கொடைக்கானல் மெக்கானிக் சேவியருக்குப் போன்.

"அக்கா, அந்த மாடல் பைப் ஸ்டாக்கே இல்லக்கா. ஆர்டர் போட்டா டென் டேஸ் ஆகும்."

"வேற எதையாச்சும் வச்சு ஒட்ட முடியாதா தம்பி?"

"வேணாங்க்கா. ப்ரெஷர் லைன். மலை ரோட்ல புட்டுக்கிச்சுன்னா டேஞ்சர். கவுஞ்சியில அதே மாடல் வண்டி ஒண்ணு ஷெட்டுல நிக்குதுல்ல? அதுல கழட்டிக்கங்க. டென் மினிட்ஸ் வேலை."

பத்து நிமிஷ வேலையாம். அந்த வண்டி பேச்சியம்மாள் மதினியுடையது. இவருடைய அக்கா. என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது.

காரணத்தை இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் லாரி ஓட்டப் பழகிய புதிது. மதினி வீட்டு முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் குளியலறை. சுவர் சரிந்தது. உள்ளே மதினி, தலை நிறையச் சீயக்காய், மார்வரை ஏற்றிக் கட்டிய பாவாடை, கையில் சொம்பு. ஒரு கீறல் இல்லை. நான் இறங்கி ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அடக்க அடக்க வந்தது. சுவரை மறுவாரமே கட்டிக் கொடுத்தோம். சிரித்ததற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஷெட்டில் நிற்பது மதினியின் வீட்டுக்காரர் ஓட்டிய லாரி. அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். பழைய இரும்புக்காரர்கள் எத்தனையோ முறை கேட்டும் கொடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

நாளை இவர் பஸ்ஸில் போய்க் கேட்கிறார். நான் போகமாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்.

இவருக்கு மலை ரோடு ஆகாது. வாந்தி, போகும்போது இரண்டு, வரும்போது மூன்று.

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"இடிச்சவ வரட்டும்னுச்சு."

"அப்புறம்?"

"லாரியோட வரட்டும்னுச்சு."

"கிளட்ச் இல்லாம எப்படி வர்றதாம்?"

"அதை நான் கேக்கல. மோர் குடுத்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன்."

கோபம் வந்தது. உப்புமாவில் உப்புப் போட மறந்தேன். அவர் அப்படியே சாப்பிட்டார். நானும்.

பிப்ரவரி 21, வெள்ளி. கவுஞ்சி.

கிளட்ச் இல்லாமல் வந்து சேர்ந்தேன்! பயம் பாதி, பெருமை பாதி.

வெள்ளனே கிளம்பினோம், காலி வண்டி. முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகினால் வண்டி தவளை போலக் குதித்துக்கொண்டு நகரும். அப்புறம் சத்தத்தைக் கேட்டு, ஆக்சிலேட்டரை விட்டு, கியர் தானாக விழும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். ஐந்தாறு முறை கரகரத்தது. பிறகு பிடிபட்டது. இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வெலகு, வெலகு!" நடுவில் ஒரு வாந்தி. மறுபடி, "வெலகு!"

வழியில் வாத்தியார் கை காட்டினார். "நிறுத்த முடியாது சார்!" என்று கத்திக்கொண்டே கடந்தேன். என்ன நினைத்தாரோ.

மதினி வீட்டு முற்றம். நியூட்ரலுக்கு இழுத்து பிரேக் மிதித்தேன். மதினி குளியலறைச் சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இடையே நாலு முழம் இருக்கும். நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

இறங்கிப் போய், "தப்புதான் மதினி. அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். மதினி ஷெட்டுக்குப் போனார். தார்ப்பாயை விலக்கினார். நான் ஸ்பேனரோடு குனிந்ததும் இவரிடம் சொன்னார்: "ஏலே, அவளத் தள்ளி நிக்கச் சொல்லு. அவரு முடுக்குன நட்டு. நான்தான் கழட்டுவேன்."

அவரே மண்ணில் படுத்து உள்ளே போனார். பைப்புக்கு இரண்டு பக்கமும் நட்டு. ஒன்று வந்துவிட்டது. மற்றது துரு. அழுத்தித் திருகினால் முனை மழுங்கிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருக்கிறது. ராத்தங்கல் இங்கேதான்.

சாப்பாட்டில் எனக்கும் மதினிக்கும் நடுவில் இவர்.

"ஏலே, அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு."

"தனம், ரசம் வேணுமா?"

"கொஞ்சமா ஊத்தச் சொல்லுங்க."

நல்ல ரசம்.

பிப்ரவரி 22, சனி.

மேகம் தாழ்ந்து கிடக்கிறது. தூறல் இல்லை.

காலையில் மதினி சுத்தியலால் நட்டைச் சுற்றிலும் மெல்லத் தட்டினார், தேங்காய் தட்டிப் பார்ப்பது போல. திருகினார். வந்துவிட்டது! பைப் முழுசு. ஒரு நெளிவு இல்லை. சைக்கிள் பம்பால் காற்றடித்துத் துடைத்து என் வண்டியில் வைத்தால் வளைவுக்கு வளைவு பொருந்துகிறது.

அடுத்து, பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் வேலை. காற்று இருந்தால் பெடல் பஞ்சாகவே இருக்கும். இவர் பெடலில். மதினி மேலே ஆயில் ஊற்ற. நான் அடியில் திருகாணியோடு.

"அமுக்குங்க!"

"அமுக்கிட்டேன்!"

"புடிச்சுக்கங்க... இப்ப விடுங்க!"

இப்படி நாற்பது தடவை. நாற்பத்தோராவது தடவை இவர் எண்ணிக்கை தவறி, நான் திறந்து வைத்திருக்கும்போதே ஓங்கி ஒரு மிதி. ஆயில் பீய்ச்சி அடித்து என் முகமெல்லாம். வாயிலும். துப்பிக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தேன்.

மதினி பார்த்தார். வாயைப் பொத்தினார். பிறகு முடியவில்லை. லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டு வந்தார். "ஏ தனம், மூஞ்சியக் கழுவுடி. கண்ணுல பட்டா எரியும்." என்னிடமே. நேராக.

கழுவிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "செவுத்துக்கு இல்லடி எனக்குக் கோவம். அவரு போயி ரெண்டு வருசமா இந்த வீட்டுல சிரிப்புச் சத்தமே கெடையாது. மொதச் சத்தம் வந்துச்சு. அதுவும் என்னையப் பாத்து."

சொம்பை அவரிடம் நீட்டினேன். வாங்கி, மிச்சத் தண்ணீரை அவரே என் கழுத்தில் ஊற்றித் தேய்த்துவிட்டார்.

பெடல் இப்போது கல். கியர் வெண்ணெய். மதியம் கிளாவரை திரும்பி, பதினோரு வீட்டு மூட்டையும் ஏற்றியாயிற்று.

பிப்ரவரி 23, ஞாயிறு.

விடியும் முன்பே கிளம்பினேன். கவுஞ்சி முக்கில் மதினி, ஸ்வெட்டர், மஃப்ளர், கையில் இட்லிப் பொட்டலம். "நானும் வாரேன். அவரு வண்டிப் பைப்பு மலை எறங்குறதை நான் பாக்க வேணாமா?"

கொடைக்கானல் தாண்டி இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, குனிந்து, பைப்பை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். "காஞ்சு கெடக்கு. எடு."

சந்தையில் பூண்டு எல்லாம் போய்விட்டது, ஒரு மூட்டை கூடத் திரும்பவில்லை. மழை வரவே இல்லை. வடுகபட்டியில் வெயில், மதினி ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை.

திரும்பும்போது பேச ஆரம்பித்தார். "ரெண்டு வருசத்துச் சேதி சேந்து கெடக்கு, கேட்டுக்க." பசு கன்று போட்டது, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, ரேஷன் கடைச் சண்டை. பூம்பாறை வந்தது, பேசினார். மன்னவனூர் வந்தது, பேசினார். கவுஞ்சியில் நிறுத்தினேன். "எதுக்கு நிறுத்துன? நான் இன்னும் முடிக்கல. போ" என்றார்.

இப்போது என் அடுப்படியில். தம்பிக்குக் குழம்பு வைக்கிறாராம். இடையிடையே விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இவர் உம் கொட்டுகிறார். எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது, காது வலிக்கிறது, நன்றாக இருக்கிறது.

நாளை: சேவியருக்குப் போன் போட்டு பைப் கிடைத்துவிட்டது என்று சொல்ல. கிளிப்புக்கு ரப்பர் வைக்க. வாத்தியாரிடம் மன்னிப்பு.

"தனம், மல்லித்தூளை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

கூப்பிடுகிறார்.