ஏரியல் கம்பியில் பறந்த பொறி

என்னங்க,

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் உறையூர் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

ரேடியோ கரகரத்ததற்கு, "நீதான் திருகித் திருகிக் கெடுத்துட்டே"ன்னு நேற்றுக் கத்தினீர்களே, நான் கெடுக்கவில்லை. எர்த் கம்பி தண்ணீர்க் குழாயிலிருந்து கழன்று கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மொட்டைமாடியிலிருந்து ரேடியோவுக்கு வரும் ஏரியல் கம்பியைத் தொட்டேன், சுரீரென்று அடித்தது! அதை எர்த் கம்பி அருகே கொண்டுபோனபோது நீலப் பொறி பறந்தது. மழையில்லை, இடியில்லை, வெறும் ஆடிக்காற்றுதான். குழாயைச் சுரண்டிக் கம்பியை இறுக்கிக் கட்டினேன். கரகரப்பு நின்றுவிட்டது.

பிளக்கே இல்லாதபோது கம்பிக்குள் கரண்ட் எப்படி வந்தது? காற்றிலிருந்தா, புழுதியிலிருந்தா?

பூரணி

பி.கு.: வெளியே கிளம்பினால் ஏரியலை எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இந்தக் கரண்ட் விஷயத்தை உங்களிடம்தான் கேட்கத் தோன்றுகிறது. சாயங்காலம் கூட்டிப்போக வாருங்கள், பஸ்ஸில் பேசிக்கொண்டே வரலாம்.