பெட்டி மூடிக்குள் இருந்த பெயர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, மாத்திரை போட்டேன் போட்டேன் என்கிறாள், அட்டை அப்படியே இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், உன் குரல் இறங்குவதைக் கேட்கத் தைரியமில்லை. உன் பள்ளிக்கூட இசைக்குழுவை இந்த வருஷத்தோடு மூடிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் நடந்தது, கடைசியில் சேர எட்டுப் பிள்ளைகள்கூட இல்லையாம். வயலின், செல்லோ எல்லாம் வேறு பள்ளிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு நானே வலியப் போய், அவற்றின் பெட்டிகளை நம் சோபாக் கடைக்கு அனுப்புங்கள், கிழிந்த உள்துணியை மாற்றித் தருகிறேன் என்றேன். நைந்த சரக்கைக் கைமாற்றினால் வாங்குகிறவன் இளக்காரமாகப் பார்ப்பான், என் தொழில் புத்தி அது. நம் சோபா தையல்காரர் இருபத்திரண்டு பெட்டியிலும் பழசை உரித்துப் புது நீல வெல்வெட் ஒட்டினார். மூடிக்குள்ள பூரா பேனாக் கிறுக்கலா இருக்கே முதலாளி என்று ஒரு தடவை கேட்டார். அதுக்குத்தானேய்யா மாத்துறோம், உரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை உன் மியூசிக் வாத்தியார், நீங்கள் குச்சி சார் என்பீர்களே, அவர் நோட்டோடு கடைக்கு வந்தார். வாசித்த பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்போது மூடிக்குள் பெயரும் வருஷமும் எழுதுவார்களாமே, குழுவுக்கு வேறு பதிவேடே கிடையாதாம், அதைப் பார்த்தெழுதிப் பள்ளிச் சுவரில் பலகை வைக்க வந்திருக்கிறார். முதல் பெட்டியைத் திறந்து துணியைத் தடவினார். ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டு, வேலை சுத்தமா இருக்குங்க என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருப்பேன். குப்பைக் கிடங்குவரை ஆளை அனுப்பிக் கிளறச் சொல்லிப் பார்த்தேன், உரித்த துணியில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

உன் செல்லோப் பெட்டியில் உனக்கு முன்னால் யார் யார் எழுதியிருந்தார்கள்? வீட்டில் வாசிக்கும்போது அந்தப் பெயர்களைப் படித்துச் சிரிப்பாய் என்கிறாள் அம்மா. நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை, கதவைச் சாத்து என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன்கூட வாசித்தவர்களிடமும் கேள், அப்பா செய்த காரியம் என்றே சொல், மறைக்காதே. சார் ஞாபகத்திலிருந்து இதுவரை பதினாறு பெயர் எழுதியிருக்கிறார், அதற்குமேல் அவருக்கு வரவில்லை. என் மனசு ஆறட்டும் என்று நினைவில்லாத பெயரை மட்டும் இட்டுக்கட்டிவிடாதே.

இருவரும் நோய்நொடி அண்டாமல் நீடு வாழுங்கள். அம்மாவிடம் மாத்திரை விஷயத்தை நீயே கேள், என் பேச்சு எடுபடவில்லை.

உன் பெயரையும் சேர்த்து உரித்துப்போட்ட
அப்பா