தண்ணீருக்குச் சரி, மஞ்சள் கருவுக்கு?

செவ்வாய், இரவு. புழுக்கம்.

காலையில் ஆய்வகத்தில், மாதிரிகளை உறிஞ்சி ஊற்றும் ரோபோவைத் தண்ணீர் வைத்து எடைபோட்டுச் சரிபார்த்தேன். அளவு பிசகவில்லை. அதை நம்பி ராசிபுரம் பண்ணைக்காரர் கொடுத்த முட்டைகளின் மஞ்சள் கருவில் நோய் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று சோதித்தேன். கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

"அப்படீன்னா சீக்கு வர்றதுக்குள்ள கறிக்கு ஏத்தி உட்டர்றனுங்க அம்மிணி."

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. ரோபோவை மஞ்சள் கருவையே ஊற்றவைத்து எடைபோட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பில் உறிஞ்சுகுழல் முனையிலேயே ஒட்டிக்கொண்டு குறைவாகத்தான் விழுகிறது. அதனால்தான் சோதனையில் குறைவாகக் காட்டியிருக்கும்; கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

அப்போதிலிருந்து பண்ணைக்காரரைக் கூப்பிடுகிறேன். இப்போதுதான் எடுத்தார்.

"லாரி வந்துருச்சுங்க, அப்பறம் பேசறனுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

ஸ்கூட்டர் சாவியை எங்கே வைத்தேன்?