ரெஸ் என்றால் ரெஸ்ட் இல்லை

2024 மார்ச் 2, சனி

இன்று 'கட்டுப்பாடு' என்று பிழையில்லாமல் எழுதினேன். மாதா கோயில் மண்டபத்தில் எங்களுக்குப் பாடம் நடத்தும் புனிதா டீச்சர் நட்சத்திரம் போட்டார். எழுபத்திரண்டு வயதில் முதல் நட்சத்திரம்!

வீட்டுக்கு வந்தால் மகன் தோமஸ் கார் சாவியைக் கேட்கிறான். போன தடவை பட்டர்வொர்த்தில் மகள் வீட்டுக்கு ஓட்டிப் போனபோது, எண்ணெய்ப் பெடலை மிதித்து மிதித்து என் வலது முழங்கால் மரத்துப்போனது. உண்மைதான்.

"ஈஸ்டருக்கு நான் ஓட்டுறேன்பா. நீங்க பக்கத்துல உக்காருங்க, போதும்லா."

போதுமா? நாற்பது வருடம் தேயிலை லோரி ஓட்டியவன் நான்.

மார்ச் 5

ஸ்டியரிங்கில் சில பட்டன்கள் இருக்கின்றன. அமுக்கினால், காலை எடுத்த பிறகும் கார் அதே வேகத்தில் போகுமாம். குரூஸ் என்கிறார்கள். இந்த மலை வளைவுகளில் அது எதற்கு? ஆனால் கீழே, ஹைவேயில்? என் முழங்காலுக்கு?

படித்துவிடுவேன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

மார்ச் 9, சனி

டீச்சர் ஏபிசி சொல்லித்தருகிறார். காரில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். செட். வேகத்தைப் பிடித்து வைப்பது. அடுத்தது ரெஸ். இதை யாரிடமும் கேட்கவில்லை. ஹைவேயில் ஆர் அண்ட் ஆர் போர்டை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! ரெஸ்ட் எடுக்கும் இடம். ஆக, இது காருக்கு ரெஸ்ட்.

மார்ச் 10



தோமஸும் என் மனைவி ஆரோக்கியமும் கூட வந்தார்கள். மலையை விட்டு சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, ஹைவேயில் தொண்ணூறில் செட். காலை எடுத்தேன் — கார் தானாகப் போனது! சிரித்துவிட்டேன். முன்னால் ஒரு காய்கறி லோரி. பிரேக் தொட்டேன், அறுபதுக்கு வந்தது. சரி, ரெஸ்ட் எடுக்கட்டும் என்று ரெஸ்ஸை அமுக்கினேன் —

ஐயோ, கார் லோரி மேல பாயுது! பிரேக்கை ஏறி மிதித்தேன். ஆரோக்கியத்தின் மடியிலிருந்த நாசி லெமாக் சோறு சீட்டெல்லாம் சிதறியது.

"என்னாப்பா பண்றீங்க!"

"ரெஸ்ட் குடுத்தேன்டா."

"யாருக்கு? நமக்கா?"

சாவியை வாங்கிக்கொண்டான்.

மார்ச் 11

எழுத மனமில்லை.

மார்ச் 16, சனி

ரெஸ் கதையைச் சொன்னேன், டீச்சர் சிரிக்கவில்லை. "அது பாதிச் சொல்லு அங்கிள். முழுசா ரெசியூம். விட்ட வேகத்தத் திரும்பப் புடிக்கிறது."

பாதி எழுதினால் எவனுக்குப் புரியும்? எட்டு வயதில் பள்ளியை விட்டவனுக்கு?

மூன்று துண்டு ஒட்டுத்தாள் வெட்டினேன். நானே எழுதினேன். செட்டுக்குப் பிடி. நிறுத்தும் பட்டனுக்கு விடு. ரெஸ்ஸுக்கு விட்டதைத் தொடர். கடைசியில் இடம் போதவில்லை, 'ர்' கீழே இறங்கிவிட்டது. ஒட்டுவதற்கு மட்டும் என்று சொல்லி சாவி வாங்கினேன்.

மார்ச் 23

ஒரு வாரமாக, நிறுத்திய காரிலேயே உட்கார்ந்து விரலைப் பழக்குகிறேன்.

"எங்க வந்துட்டீங்க?" என்றாள் ஆரோக்கியம், ஜன்னலில் எட்டிப்பார்த்து.

"கோலா தெர்லா தாண்டிட்டேன்."

தோமஸ் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்: "சிம்பாங் பூலாய் வரைக்கும் நான். ஹைவேல நீங்க. லோரியப் பாத்தா 'விடு' அமுக்கணும், சரியா?"

என் சொல்லைச் சொன்னான்.

மார்ச் 30, பட்டர்வொர்த்

நாளை ஈஸ்டர். ஹைவே முழுக்க நானே ஓட்டினேன். முழங்கால் வலி இல்லை. முதல் தடவை 'விட்டதைத் தொடர்' அமுக்கியபோது தோமஸ் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். தைப்பிங் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன்.

வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.